முகம் அவர் பேரில், வழக்கு என் பேரில்

அந்தப் படத்தை எடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். போடியில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில், கொடியில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, சுவரோரம் என்னை நிற்கவைத்துத் தன் போனில் எடுத்தார். மாம்பழ மஞ்சளில் சேலை கட்டியிருந்தேன். தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார். "சிரி" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னைச் சிரிக்கச் சொன்னது அன்றைக்குத்தான். அதனாலோ என்னவோ, சிரிப்பு நன்றாகவே விழுந்துவிட்டது.

அவர் ஏலக்காய் வியாபாரி. பெரிய வியாபாரி என்று சொல்ல முடியாது. ஏலத்தில் எடுக்கிறவர்களிடமிருந்து ஒரு மூட்டை, இரண்டு மூட்டை வாங்கி, தரம் பிரித்து, மளிகைக் கடைகளுக்குப் போடுகிறவர். தரம் பிரிக்கிற சோலி என்னுடையது. எங்கள் முன்னறையில் நானும் கூலிக்கு வரும் இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து, பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய் என்று பிரித்துக்கொண்டே இருப்போம். வெடித்த காய்க்கு விலை கிடையாது. அதைத் தூக்கிப்போட மனசில்லாமல் சுக்கு, மிளகு, கொஞ்சம் அதிமதுரம் சேர்த்து வறுத்து அரைத்து வைத்தேன். டீயில் ஒரு சிட்டிகை போட்டால் வீடு முழுக்க மணக்கும். முதலில் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பிறகு தெருவில் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டபோதுதான் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இதப் பாக்கெட்டுல போட்டுருவோமா?" என்றார். "காயும் பாக்கெட்டு, பொடியும் பாக்கெட்டு. ஒரே பேரு."

பேரும் அவர்தான் வைத்தார். அந்தப் பேரை இங்கே எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், எழுதவில்லை.

பாக்கெட்டில் என்ன படம் போடுவது என்று கேட்க அச்சாபீசுக்குப் போனோம். அவர் மனசில் முருகன் படம் இருந்தது. அச்சாபீஸ் அண்ணாச்சிதான் வேண்டாம் என்றார். "சாமி படத்தப் போட்டா, பொடி தீந்ததும் குப்பையிலதான போடுவாங்க. அந்தப் பாவம் நமக்கெதுக்கு? வீட்டுப் பொம்பளை மூஞ்சியப் போடுங்க. வீட்டுச் சரக்குன்னு ஜனங்க நம்பும்." இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

பாக்கெட்டு வந்தது. பச்சை வட்டத்துக்குள் என் முகம், சுற்றிலும் ஏலக்காய்க் கொத்து. கீழே பேர்.

அதற்கு முன்பே காகிதவேலை ஒன்று நடந்து முடிந்திருந்தது. பொம்பளை பேரில் தொழில் தொடங்கினால் பேங்க் கடனில் மானியம் உண்டு என்று ஆடிட்டர் சொன்னாராம். அதனால் கடன் என் பேரில். ஜி.எஸ்.டி. என் பேரில். உணவுப் பண்டம் விற்பதற்கான லைசென்ஸ் என் பேரில். கையெழுத்துப் போடப் போடக் காகிதம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில், பேரையும் படத்தையும் வேறு யாரும் காப்பியடிக்காமல் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று மதுரையில் ஒரு ஏஜென்டைப் பிடித்தார். அங்கே போனவர் அவர். ஆதார் கொடுத்தவர் அவர். அதனால் டிரேட்மார்க் அவர் பேரில் பதிவானது. உயிரோடு இருக்கிற ஆளின் படம் என்பதால் அந்த ஆள் சம்மதம் எழுதித் தர வேண்டுமாம். சோறு வடித்துக்கொண்டிருந்தபோது காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "எதுக்கு?" என்றேன். "உன் மூஞ்சியப் போட உங்கிட்ட சம்மதம் கேக்குறாய்ங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இதையெல்லாம் நான் மறைத்து வைத்துக் கடைசியில் சொல்லப்போவதில்லை. எல்லாம் கண்முன்னால் நடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை, ஏமாற்றவும் இல்லை. ஒரு வீட்டுக்குள் யார் பேரில் இருந்தால் என்ன என்றுதான் இருவருமே நினைத்தோம். அப்படி நினைக்காத பெண்டாட்டியை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை.

வியாபாரம் ஓடியது. அவர் பைக்கின் பின்னால் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தேனி, கம்பம், குமுளி, பூப்பாறை என்று கடை கடையாக ஏறி இறங்கினார். குரங்கணியில் மலையேற வருகிறவர்கள் ஜீப்புக்குக் காத்திருக்கும் டீக்கடையில்கூட எங்கள் பாக்கெட்டு சரமாகத் தொங்கியது. விடிகாலையில் மலைத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஜீப்பிலிருந்து என்னைப் பார்த்துவிட்டால், "ஏ, பாக்கெட்டு அக்கா!" என்று கத்துவார்கள். கோயிலில் முன்பின் தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொடிதாங்க எங்க வீட்டுல" என்பார்கள். மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த எங்கள் மகள், "அம்மா, இங்க மெஸ்ஸுல உன்னய ஆணியில மாட்டி வச்சிருக்காங்கம்மா" என்று போனில் சிரித்தாள்.

பிறகு ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. மலையில் காய் குறைந்தது. ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போனது. பச்சை மாறாத நல்ல காயை எங்களைப் போன்றவர்கள் தொடக்கூட முடியவில்லை. அவர் வெளுத்த காயாக வாங்கி வர ஆரம்பித்தார். பழைய காயும் அதில் கலந்திருக்கும். பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.

"இத எப்படிங்க விக்கிறது?" என்றேன்.

"நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு மூட்டை வீட்டுக்கு வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். தரம் பிரித்த காய் அங்கிருந்து வரும், நாங்கள் பாக்கெட்டில் போட்டு ஒட்டினால் போதும் என்றார். வந்த காய் அத்தனை பச்சையாக இருந்தது. மழைக்குப் பிறகு மலையில் புதிதாகப் பறித்த காய்கூட அப்படி இருக்காது. கூலிக்கு வந்த பெண் ஒருத்தி மத்தியானம் சாப்பிடக் கை கழுவியவள், "அக்கா, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். வாளித் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. நானும் கையை விட்டேன். அது இன்னும் பச்சையானது.

அவர் சாயங்காலம் வந்ததும் வாளியை எடுத்து முன்னால் வைத்தேன்.

"என்ன இது?"

"சாயந்தான். சாப்பிடுற சாயம். விஷமா போட்டுட்டேன்?"

"ஏலக்காய்க்கு எதுக்குங்க சாயம்?"

"பச்சையா இருந்தாத்தான் வாங்குறாய்ங்க. வெளுத்த காய நீ போயி வித்துட்டு வா, பாப்போம்."

"பாக்கெட்டுல என் மூஞ்சி இருக்குங்க."

"இருந்தா? உம் மூஞ்சியில சாயம் பூசுனேனா?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நான் சண்டை போட்டேன். பேசாமல் இருந்தேன். சமைக்காமல் இருந்தேன். ஒட்டமாட்டேன் என்று பசையைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினேன். அவர் கொட்டகையிலேயே ஆள் வைத்து ஒட்டிக்கொண்டார். வீட்டுக்குள் காய் வாசனை நின்றுபோனது. கடைகளில் என் முகம் மட்டும் வழக்கம்போலத் தொங்கியது.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒரு கடையில் சாம்பிள் எடுத்துப்போனது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். பரிசோதனையில் சாயம் என்று வந்துவிட்டது. நோட்டீசைக் கொண்டுவந்த தபால்காரர் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அவரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது ஏதோ பேங்க் காகிதம் என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் படித்துவிட்டு அதை மடித்து என் கையிலேயே கொடுத்தார். அப்புறம், "லைசென்சு உம் பேருலதான இருக்கு. நீதான் போகணும். பொம்பளைன்னா கொஞ்சம் எரக்கம் காட்டுவாங்க. அபராதத்தோட விட்டுருவாங்க" என்றார்.

"சாயம் போட்டது நீங்கன்னு சொல்லுவேன்."

"சொல்லு. சொன்னா மட்டும் உன்னய விட்டுருவாங்களா? ரெண்டு பேரையும் சேத்து இழுப்பாங்க. பிள்ளைக்குப் பரீட்சை. யோசிச்சுக்க."

யோசித்தேன். சொல்லவில்லை. அவர் ஏற்பாடு செய்த வக்கீலும் சொல்லாதே என்றுதான் சொன்னார். கோர்ட்டில் என் பேரைக் கூப்பிட்டபோது எழுந்து போய்க் கூண்டில் நின்றேன். சாட்சிப் பொருளாக எங்கள் பாக்கெட்டை ஒரு கவரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்கள். நீதிபதி வயதில் என்னைவிடச் சின்னவர். பாக்கெட்டைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார்.

"இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானா?"

"ஆமாங்கய்யா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். அபராதம் போட்டார்கள். கட்டியது என் வீட்டுக்காரர். அதை அவர் பல நாள் சொல்லிக் காட்டினார்.

ஊர் பேசியதுதான் இதைவிடப் பெரிய தண்டனை. கோயிலில் கையைப் பிடித்துக்கொண்ட பெண்கள் இப்போது தள்ளி நின்றார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்: "பச்சப்புள்ளைக்குப் பால்ல தட்டிப்போட்டுக் குடுத்தேங்க. உங்க மூஞ்சியப் பாத்துத்தான வாங்குனேன்." அவளுக்கு என்ன சொல்வது? முகம் என்னுடையதுதான். அவள் பார்த்து வாங்கியதும் அதைத்தான்.

என் வீட்டுக்காரர் திருந்தியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சாயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் பஸ் ஏறிப் பொட்டிபுரம் பக்கம் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். அண்ணன் விவசாயி, அதிகம் பேசமாட்டார். பையை வாங்கி உள்ளே வைத்தார். "சாப்டியாத்தா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் வேலையாகப் பழைய லைசென்சை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தேன். அதற்குள் அவர் தன் பேரில் புது லைசென்ஸ் வாங்கிவிட்டார். அது எனக்கு நல்லது என்றே நினைத்தேன். இனிமேல் அவர் சரக்குக்கு அவரே பதில் சொல்லட்டும். நான் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து, என் பேரில் ஒரு லைசென்ஸ் வாங்கி, பொடி அரைக்க ஆரம்பித்தேன். நல்ல காய் கொஞ்சமாக வாங்கினேன். வெளுத்திருந்தால் வெளுத்த காய் என்றே சொல்லி விற்றேன்.

பேரை மாற்றினேன். ஆனால் படம் என் படம்தான் வேண்டும் என்று இருந்தேன். ஊரில் என் முகத்தை நம்பினார்கள், அதே முகத்தால் ஏமாந்தார்கள். அதே முகத்தைப் போட்டு நல்ல சரக்கைக் கொடுத்தால்தான் அது கழுவப்படும் என்று தோன்றியது. வேறு படம் எடுத்தேன். வயதாகியிருந்தது, நரை தெரிந்தது, கண்ணாடி போட்டிருந்தேன். அச்சாபீஸ் அண்ணாச்சி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"தங்கச்சி, இது பிரச்சினை ஆகுமேத்தா."

"என் மூஞ்சிதான அண்ணாச்சி?"

"மூஞ்சி ஒன்னோடதுதான். ஆனா..." என்று இழுத்தவர், அப்புறம் அடித்துக் கொடுத்தார்.

பாக்கெட்டு கடைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே என் வீட்டுக்காரரின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அவர் பதிவு செய்த டிரேட்மார்க்கைப் போலவே ஜனங்களைக் குழப்பும்படியாக நான் ஒரு படத்தைப் போட்டு விற்கிறேனாம். உடனே நிறுத்த வேண்டும். இருக்கிற பாக்கெட்டுகளை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு. அண்ணனுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவர் புரியாமல் இன்னொரு தடவை கேட்டார். மறுபடி சொன்னேன்.

"அவென் மூஞ்சிய நீ காப்பியடிச்சுட்டேன்னா சொல்றான்?"

"இல்லண்ணே. என் மூஞ்சிய."

அண்ணன் எழுந்து வெளியே போய் நின்றார்.

தேனியில் ஒரு பெண் வக்கீலைப் பார்க்கப் போனோம். அண்ணன் கூடவே வந்தார். அந்த அம்மா எல்லாக் காகிதத்தையும் வாசித்தார். இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பழைய பாக்கெட்டுல இருக்கற படத்த எடுத்தது யாரு?"

"அவருதான் மேடம். அவரு போன்ல."

"அப்போ அந்தப் படம் அவரோடது. எடுத்தவருக்குத்தான் படத்துக்கு உரிமை. இந்தச் சம்மதக் கடுதாசியில இருக்கற கையெழுத்து உங்களோடதா?"

"ஆமா."

"காசு ஏதாவது வாங்கிட்டுப் போட்டீங்களா, எத்தன வருஷத்துக்குன்னு எழுதியிருந்துச்சா?"

"புருசன்கிட்ட யாரு மேடம் அதெல்லாம் கேப்பாங்க?"

அவர் தலையாட்டினார். அவர் முகத்தில் கேலி இல்லை. இப்படி எத்தனையோ பார்த்த களைப்பு இருந்தது.

"சொந்தப் பேர நேர்மையா உபயோகிச்சுத் தொழில் செய்யறதுக்குச் சட்டத்துல தெளிவா இடம் இருக்கு. சொந்த முகத்துக்கு அப்படிப் பளிச்சுன்னு எழுதி வைக்கல. நாம வாதாடலாம். பதிவையே மாத்தச் சொல்லி மனு போடலாம். சம்மதத்த வாபஸ் வாங்குறேன்னு சொல்லலாம். ஆனா எல்லாம் சென்னைக்குப் போகணும். வருஷக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் இந்தப் பாக்கெட்ட விக்கக்கூடாதுன்னு அவங்க தடை வாங்கிருவாங்க. வாங்க வாய்ப்பு அதிகம்."

"பொடி?" என்றேன். "பொடி நான் கண்டுபிடிச்சது மேடம். என் கைப்பக்குவம். அதையாச்சும் அவரு விக்கக்கூடாதுன்னு சொல்ல முடியுமா?"

"என்னென்ன போடுறீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கூலிக்கு வந்தவங்களுக்கு?"

"தெரியும். அவங்கதான வறுப்பாங்க. பக்கத்து வீட்டுலகூடச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"ரகசியமா வச்சிருந்தா ஏதாவது பேசலாம். எல்லாருக்கும் சொன்ன பக்குவத்த யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அவரும் செய்யலாம், நீங்களும் செய்யலாம்."

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அம்மா, ஒண்ணு கேக்குறேன்" என்றார். "சாயம் போட்டு மாட்டுனப்போ கோர்ட்டுல இவதான் நின்னா. அப்போ மூஞ்சி இவளுது. இப்போ மட்டும் எப்படி அவனுதாச்சு?"

வக்கீல் அம்மா இரண்டு காகிதங்களை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தார். "லைசென்ஸ் இவங்க பேருல இருந்துச்சு, டிரேட்மார்க் அவரு பேருல இருந்துச்சு. சட்டம் பேரத்தான் பாக்கும்ணே" என்றார்.

பேசித் தீர்க்கலாம் என்று அவரே இரு தரப்பையும் தன் ஆபீசுக்கு வரவழைத்தார். என் வீட்டுக்காரர் சலவைச் சட்டையோடு வந்தார். இளைத்திருந்தார். எனக்கு எதிரில் உட்கார்ந்தாலும் என்னைப் பார்க்காமல் வக்கீல் அம்மாவைப் பார்த்தே பேசினார்.

"மேடம், நான் பைக்குல பொட்டியக் கட்டிக்கிட்டு ஊரு ஊரா அலைஞ்சவன். மழையில நனைஞ்சு போடிமெட்டுல விழுந்து கால ஒடைச்சுக்கிட்டவன். ஒவ்வொரு கடையிலயும் நின்னு, 'இது எங்க வீட்டுக்காரி செஞ்சது, ஒரு பாக்கெட்டு மட்டும் போட்டுப் பாருங்க'ன்னு கெஞ்சியிருக்கேன். இந்த மூஞ்சி ஊருக்குத் தெரிஞ்சது அப்படித்தான். இவ வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா. நான் வெளிய தூக்கிட்டுப் போகலன்னா இவ மூஞ்சி யாருக்குத் தெரியும்?"

அவர் விழுந்ததும் உண்மை, கெஞ்சியதும் உண்மை. கால் உடைந்து படுத்திருந்தபோது எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான்தான். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருந்ததுதான் எனக்கு அதிகம் எரிந்தது. முழுப் பொய் என்றால் எழுந்து போய்விடலாம்.

"எனக்கு நீங்க ஒண்ணும் தரவேணாம்" என்றேன். "உங்க பாக்கெட்டுலருந்து என் படத்த எடுத்துருங்க. என் பாக்கெட்டுலயும் நான் போடல. ரெண்டு பேருக்கும் வேணாம்."

"எடுத்தா சரக்கு போகாது."

"நல்ல சரக்குன்னா போகும்."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "பேசாம வீட்டுக்கு வா. வந்துட்டா உன்னுது, என்னுதுன்னு எந்தப் பிரச்சினையும் கிடையாது. எல்லாம் ஒண்ணுதான்."

"சாயம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வக்கீல் அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். நாங்களும் காத்திருந்தோம். சமரசம் வரும் என்ற நம்பிக்கையில் நான் என் படம் போட்ட பாக்கெட்டைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டேன். அண்ணன் அதையெல்லாம் தோட்டத்தில் போட்டு எரித்தார். பிளாஸ்டிக் புகை கண்ணைக் கரித்தது. என் முகம் சுருண்டு சுருண்டு கருகியதை நான் நின்று பார்த்தேன். அண்ணன் உள்ளே போகச் சொன்னார், போகவில்லை.

என் வீட்டுக்காரர் யோசித்துச் சொல்லவே இல்லை. செய்துவிட்டார். பேரையும் படத்தையும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார். மசாலாப் பொருள் வியாபாரத்தில் புதிதாக இறங்கிய கம்பெனியாம். தென்மாவட்டத்தில் ஏற்கெனவே தெரிந்த ஒரு பேர் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. இந்த விஷயம் எனக்கு வக்கீல் மூலம் வரவில்லை. மகள்தான் போன் செய்தாள்.

"அம்மா, நீ பாக்கெட்டுல ரொம்ப அழகா இருக்கம்மா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

போடிக்குப் போய் ஒரு கடையில் வாங்கிப் பார்த்தேன். படத்தை வரைந்து மாற்றியிருந்தார்கள். சேலை அதே மாம்பழ மஞ்சள். தலை அதே சாய்வு. ஆனால் நிறத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். மூக்கைக் கொஞ்சம் கூராக்கியிருந்தார்கள். நான் போடவே போடாத ஜிமிக்கி ஒன்று காதில் தொங்கியது. சிரிப்பில் மட்டும் கைவைக்கவில்லை. கடைக்காரர் பாக்கியை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, "புது பேக்கிங் நல்லா போகுதுக்கா" என்றார். அவருக்கு என்னைத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

வக்கீல் அம்மா கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார். நான் சம்மதம் கொடுத்தது என் வீட்டுக்காரருக்குத்தான், கம்பெனிக்குக் கொடுக்கவில்லை, ஆகவே என் உருவத்தை எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். கடிதம் போய் நாளாகிவிட்ட பிறகு ஒருநாள் அவர் ஆபீசில் நாங்கள் இருக்கும்போதே கம்பெனியின் ஆள் ஒருவர் போனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். வக்கீல் அம்மா நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நாங்க போட்டிருக்கறது ஆர்ட்டிஸ்ட் வரைஞ்ச படம். பொதுவா ஒரு தமிழ்ப் பெண். உங்க கட்சிக்காரர் இல்லைங்க அது."

நான் போனைப் பார்த்துச் சொன்னேன்: "சார், அது நான்தான் சார்."

"இல்லைங்கம்மா," என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக. "அது நீங்க இல்லைங்க."

வக்கீல் அம்மா பேச்சை முடித்துவிட்டு என் பக்கம் தண்ணீர் பாட்டிலைத் தள்ளினார். வழக்குப் போட்டால் அது நான்தான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்றார். நிரூபித்தாலும் பெரிய கம்பெனியோடு சென்னையில் நடத்துகிற வழக்கு. போடலாமா என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். தோட்டத்தில் ஒரு பகுதியை விற்கக்கூட அவர் தயாராக இருந்தார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரரும் அதனால் வாழ்ந்துவிடவில்லை. இன்னொரு பேரில் பாக்கெட்டு போட்டுப் பார்த்தார், எடுபடவில்லையாம். இப்போது யாருக்கோ தரகு பார்த்துக்கொண்டு ஏல மையத்துப் பக்கம் நிற்கிறார் என்று சொல்கிறார்கள். கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

நான் இப்போதும் பொடி அரைக்கிறேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பை, உள்ளே இருப்பது வெளியே தெரியும். படம் கிடையாது. சட்டப்படி என்னென்ன அச்சிட வேண்டுமோ அவ்வளவுதான் ஒட்டியிருக்கும். பழைய வாடிக்கையாளர் கொஞ்சம் பேர் வாங்குகிறார்கள். புதியவர்கள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்பளை படம் போட்டது இல்லையா? அதுதான் ஒரிஜினல்" என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருமுறை நான் கடையிலேயே நிற்கும்போது ஒருவர் அப்படிச் சொன்னார். கண்ணாடி போட்ட நரைத்த பெண் ஒருத்தி பக்கத்தில் நிற்பதை அவர் கவனிக்கவில்லை.

போன மாசம் மகளிர் குழுப் பெண்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். சொந்தமாகத் தொழில் செய்கிற பெண் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஊறுகாய் போடுகிறவர்கள், முறுக்கு சுடுகிறவர்கள், தைக்கிறவர்கள் என்று மண்டபம் நிறைய இருந்தார்கள். மேடையில் பேசிப் பழக்கமில்லை எனக்கு. தெரிந்ததைச் சொன்னேன். பேர் யார் பேரில் பதிவாகிறது என்று பாருங்கள். லைசென்ஸ் யார் பேரில் என்று பாருங்கள். இரண்டும் ஒரே ஆள் பேரில் இருக்கட்டும், அந்த ஆள் நீங்களாக இருங்கள். படம் எடுத்தால் அதற்கு உரிமை யாருக்கு என்று எழுதி வாங்குங்கள். சம்மதம் கொடுத்தால் எதற்கு, எத்தனை வருஷத்துக்கு என்று எழுதுங்கள். புருஷனாக இருந்தாலும் எழுதுங்கள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் நடத்திய அதிகாரி என் பக்கம் குனிந்து, "கொஞ்சம் நம்பிக்கை தர்ற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்கம்மா. முதல் முதலா தொழில் ஆரம்பிக்கிறவங்க" என்றார். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடுத்துப் பேசியவர் நம்பிக்கையாகப் பேசினார், நன்றாகக் கை தட்டினார்கள்.

முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். முப்பது வயதிருக்கும். நெல்லிக்காய் ஊறுகாய் போடுகிறாளாம். மலையில் தோட்டவேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறாள்.

"அக்கா, எங்களுக்கு எல்லாம் எங்க வீட்டுக்காரரு பேருலதான் போயிக்கிட்டிருக்கு. இன்னும் முடியல. இப்போ மாத்த முடியுமா?"

"முடியும். பதிவாகுறதுக்கு முன்னாடின்னா சுலபம். தேனியில ஒரு வக்கீலம்மா இருக்காங்க. நானே கூட்டிட்டுப் போறேன். நாளைக்கே வா, வெரசா முடிச்சுருவோம்."

அவள் என் நம்பரைத் தன் போனில் போட்டுக்கொண்டாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை அடித்தும் பார்த்தாள். பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னாள்:

"அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேங்க்கா."